கணினிக்குள் போன கணக்குப் புத்தகம்

கேள்வி: சென்னை மேற்குப் புறநகரில் 1,200 சதுர அடி மனை ஒன்றை என் பெயரில் வாங்கினோம். பத்திரப் பதிவு ஒரே காலையில் முடிந்துவிட்டது. பட்டா மாறுதல்தான் இழுத்துக்கொண்டே போகிறது. இ-சேவை மையத்தில் மனு போட்டோம், நிராகரித்தார்கள். மறுபடி போட்டோம், மறுபடியும் நிராகரிப்பு. ‘எல்லாம் ஆன்லைன்தான், யாரையும் பார்க்க வேண்டாம்’ என்கிறது அரசு. ‘வி.ஏ.ஓ.வை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்க’ என்கிறார் மையத்துக்காரர். வி.ஏ.ஓ.வோ, ‘என் கையில என்னம்மா இருக்கு, எல்லாம் சிஸ்டம்’ என்கிறார். கணினி வந்தால் அதிகாரிகளின் அதிகாரம் குறையும் என்றுதானே சொன்னார்கள்? குறைந்த அதிகாரம் எங்கே போனது?
– வாசகி, ஆவடி

பதில்: 

பட்டா எப்போது வரும் என்று கேட்கும் கடிதங்கள் நிறைய வருகின்றன. ‘குறைந்த அதிகாரம் எங்கே போனது?’ என்று கேட்ட கடிதம் உங்களுடையது ஒன்றுதான். படித்ததும் எனக்குப் புன்னகை வந்தது. நிர்வாகவியல் அறிஞர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டும் கேள்வியை, ஒரு மனைக்காக அலைந்த அலைச்சலில் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் பட்டாவுக்கான விடையும் இதற்குள்ளேயே இருப்பதால், இந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு தப்பெண்ணத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். கணினி வந்துவிட்டால் யாருக்கும் யார் தயவும் தேவைப்படாது என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். கணினியெல்லாம் கண்துடைப்பு, அதே ஆள், அதே மேசை, அதே கைநீட்டல் என்கிறார்கள் இன்னொரு சாரார். இரு தரப்பும் அதிகாரத்தை ஒரே பண்டமாக நினைக்கிறார்கள்; அதனால்தான் ஒருவர் அது காணாமல் போய்விட்டது என்கிறார், மற்றவர் அப்படியே இருக்கிறது என்கிறார். அரசு அலுவலகத்தில் தகவலை வைத்திருப்பதும் அதிகாரம்தான், முடிவெடுப்பதும் அதிகாரம்தான், காக்க வைப்பதும் அதிகாரம்தான். பழைய காலத்தில் இவை எல்லாம் பெரும்பாலும் ஒருவர் கையிலேயே இருந்தன. கணினி அவற்றைத் தனித்தனியே பிரித்து, வேறு வேறு ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

கீழே இருந்தவர் எதை இழந்தார் என்பதிலிருந்து தொடங்குவோம். நம் கிராமங்களில் கர்ணம், மணியக்காரர் என்ற பதவிகள் பெரும்பாலும் அப்பனுக்குப் பின் மகன் என்று வந்தவை. நிலக் கணக்கு கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. எந்த சர்வே எண் யாருடையது, நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று சொல்லும் அ-பதிவேடு அங்கே இருக்கும். ஒருவருக்கு அந்தக் கிராமத்தில் உள்ள நிலங்களையெல்லாம் தொகுத்துக் காட்டும் சிட்டாவும், எந்தப் போகத்தில் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் அடங்கலும் அங்கேதான். கணக்கு என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவர் திறந்து காட்டினால்தான் உண்டு. எழுத்தறியாத குடியானவருக்குத் தன் பெயர் கணக்கில் இருக்கிறதா இல்லையா என்பதே கர்ணம் வாய்திறந்து சொன்னால்தான் தெரியும். ஊரில் அவருக்கு இருந்த மரியாதையில் பாதி அந்தப் பெட்டிக்குக் கிடைத்த மரியாதை.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் இந்தப் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசின் முடிவு செல்லும் என்று 1982இல் தீர்ப்பானது. அந்த இடத்துக்கு வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர், நாம் சொல்லும் வி.ஏ.ஓ. அவர் முழுநேர அரசு ஊழியர், இடமாற்றமும் உண்டு. தமிழக நிர்வாக வரலாற்றில் பெரிய மாற்றம் அது. ஆனாலும் கணக்குப் புத்தகம் கர்ணத்தின் வீட்டிலிருந்து வி.ஏ.ஓ. அலுவலக அலமாரிக்கு இடம் மாறியதே தவிர, பார்க்க விரும்பியவர் கேட்டு நிற்க வேண்டிய நிலை மாறவில்லை.

அந்த நிலையைக் கணினிதான் மாற்றியது. இன்று மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் நான்கும் தெரிந்தால் போதும். அ-பதிவேட்டு விவரத்தையும் சிட்டாவையும் அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் உங்கள் செல்பேசியிலேயே பார்த்துவிடலாம். புலப்படமும் கிடைக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவுகளோடு வரைந்த படம் அது, சர்வேயர்கள் எஃப்.எம்.பி. என்று சொல்வது இதைத்தான். கர்நாடகத்தில் இதே மாற்றம் ‘பூமி’ என்ற பெயரில் 2000ஆம் ஆண்டையொட்டி வந்தது. சுமார் 2 கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிவிட்டு, கையால் எழுதித் தரும் நகல் இனிச் செல்லாது என்று அறிவித்தார்கள். அதுவரை கிராமக் கணக்கரைத் தேடி அலைந்த விவசாயிகள், வட்ட அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டி நகலை வாங்கிக்கொண்டு போனார்கள். பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசைப்படிதான் எடுக்க முடியும் என்று மென்பொருளிலேயே பூட்டும் போட்டார்கள். தகவலை மூடிவைத்துக் கிடைத்த அதிகாரம் உண்மையிலேயே போயிற்று. இதைக் குறைத்துப் பேசுவது நியாயம் இல்லை.

ஆகவே ‘என் கையில என்ன இருக்கு’ என்று உங்கள் வி.ஏ.ஓ. சொன்னதில் உண்மை உண்டு. புத்தகம் அவர் கையில் இல்லை. ஆனால் ‘எல்லாம் சிஸ்டம்’ என்று அடுத்துச் சொன்னாரே, அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

உங்கள் மனை எங்கே சிக்கியிருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. பூந்தமல்லி, திருமழிசை, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கமெல்லாம் ஒரு தலைமுறைக்கு முன் நஞ்சையும் தோப்புமாக இருந்த நிலம். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்தது. பூந்தமல்லிக்கு மெட்ரோ என்ற பேச்சு வந்தது. மனை விலை ஏறியது. ஒரு விவசாயக் குடும்பத்தின் மூன்று ஏக்கருக்கு ஒருவர் ‘பவர்’ எழுதி வாங்கியிருப்பார். பவர் என்பது பொது அதிகார ஆவணம். குடும்பத்தின் சார்பில் விற்கும் உரிமையை அது அவருக்குத் தரும். அவர் கல் நட்டு, சாலை விட்டு, மனை மனையாகப் பிரித்து விற்றிருப்பார். உங்கள் பத்திரத்தில் ‘மனை எண் 17’ என்பது போல ஏதோ ஓர் எண் இருக்கும். வருவாய்க் கணக்கில் அப்படி ஒரு மனை எண்ணே கிடையாது. அங்கே இன்னமும் பழைய சர்வே எண், பழைய விவசாயியின் பெயர், மொத்தப் பரப்பு. அந்த மூன்று ஏக்கரில் உங்கள் 1,200 சதுர அடி எந்த மூலையில் இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியவே தெரியாது. தெரிய வேண்டுமானால் சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்தில் கோடு இழுத்து, அந்தத் துண்டுக்குத் தனி எண் தர வேண்டும். இதற்கு உட்பிரிவு என்று பெயர்.

விற்றவர் பெயரிலேயே பட்டா இருந்து, அதில் உள்ள இடம் முழுவதையும் நீங்கள் வாங்கியிருந்தால் கதையே வேறு. பதிவுத் துறையின் ‘ஸ்டார்’ மென்பொருளும் வருவாய்த் துறையின் ‘தமிழ்நிலம்’ மென்பொருளும் இப்போது இணைக்கப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட கிரயத்தில், பதிவு முடிந்ததும் பட்டா தானாகவே மாறிவிடும் வசதி வந்திருக்கிறது. யாரையும் பார்க்க வேண்டாம் என்று அரசு சொல்வது அந்த வகைக்கு முழு உண்மை. உட்பிரிவு தேவைப்படும் மனுவுக்கு அது பொருந்தாது. அங்கே ஒரு மனிதர் உங்கள் மண்ணில் வந்து நின்றாக வேண்டும். எந்த நாளில் வருவது, எந்தக் கல்லை ஆதாரமாக வைத்து அளப்பது, பக்கத்து மனைக்காரர் ‘இரண்டடி என் பக்கம் வந்துட்டீங்க’ என்று சண்டைக்கு வந்தால் அறிக்கையில் என்ன எழுதுவது – எல்லாம் அவர் தீர்மானம். அந்த அறிக்கையை வைத்துத்தான் வட்டாட்சியர் முடிவெடுக்கிறார். மனு எவ்வளவு வேகமாகக் கணினியில் பறந்தாலும் இந்த இடத்தில் வந்து நின்றுவிடும். முன்பு புத்தகம் வைத்திருந்தவரிடம் இருந்த செல்வாக்கின் ஒரு பகுதி, இன்று அளவு நாடா வைத்திருப்பவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு பகுதி மேலே போனது. இது பலருக்கும் தெரியாத கதை. 1979 முதல் 1987 வரை தமிழகம் முழுக்க நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். யு.டி.ஆர். என்று வட்ட அலுவலகங்களில் இன்றும் வாய்க்கு வாய் பேசப்படும் திட்டம் அது. எத்தனையோ நல்லது நடந்தது. கூடவே பெயர் மாறி எழுதியது, பரப்பு குறைத்து எழுதியது, ஒருவருடைய நிலத்தை அடுத்தவர் பட்டாவில் சேர்த்தது என்று பிழைகளும் நடந்தன. பின்னால் கணினியில் ஏற்றியபோது அந்தப் பதிவேடுகளைத்தான் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். பேனாவால் வந்த பிழை, திரையில் ஏறியதும் ‘பதிவு’ ஆகிவிட்டது. கணினியில் இருப்பதைக் கீழே இருப்பவர் நினைத்தபடி மாற்ற முடியாது என்பது நமக்குப் பாதுகாப்புதான்; ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர் மாற்றும் வேலைக்கு அது முட்டுக்கட்டை. அதே பூட்டு, நியாயமான திருத்தத்துக்கும் பூட்டு. யு.டி.ஆர். பிழை என்றால் வட்டாட்சியருக்கு மேல் உள்ள அதிகாரிகளின் விசாரணைக்குப் போக வேண்டும். கிராமத்தில் தீர வேண்டிய விஷயம் மாவட்டத் தலைநகர் வரை போகிறது.

மேலே போன இன்னொன்று, கண்காணிப்பு. அந்தக் காலத்தில் கிராமக் கணக்கை உயரதிகாரி பார்ப்பதற்கென்று ஒரு காலம் உண்டு. அதுதான் ஜமாபந்தி. ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும் பசலி ஆண்டின் கடைசியில், வட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கிராமக் கணக்கையும் தணிக்கை செய்வார்கள். மிச்ச நாளெல்லாம் கர்ணமோ வி.ஏ.ஓ.வோ தன் ராஜ்யத்தில் இருந்தார். இன்று ஜமாபந்தி நடந்தாலும், எந்த மேசையில் எத்தனை மனு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை ஆட்சியர் எந்த நேரமும் திரையில் பார்க்கலாம். 2021இல் முதலமைச்சருக்கென்றே ஒரு தகவல் பலகை உருவாக்கப்பட்டது.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? இங்கேதான் உங்கள் இரண்டு நிராகரிப்புகளுக்கும் காரணம் இருக்கலாம். அலுவலகங்களில் ‘பெண்டன்சி’ என்பார்கள். நிலுவை மனுக்களின் எண்ணிக்கை. ஆய்வுக் கூட்டத்தில் அந்த எண் கூடினால் அதிகாரி பதில் சொல்ல வேண்டும். மனுவை ஏற்றாலும் நிலுவை ஒன்று குறையும். நிராகரித்தாலும் அதே ஒன்று குறையும். ஏற்க வேண்டுமானால் போய் அளக்க வேண்டும், படம் வரைய வேண்டும், பக்கத்து மனைக்காரரிடம் பேச வேண்டும். நிராகரிக்க, ‘ஆவணங்கள் போதவில்லை’ என்று ஒரு வரியே போதும். பல கிராமங்களைத் தலையில் சுமந்துகொண்டு, நாள் கெடுவுக்குள் முடிக்கச் சொல்லப்படும் ஒரு சர்வேயர் எதைச் செய்வார்? அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதை எண்ணுகிறோம் என்று தீர்மானித்தவர்கள், மனு தீர்ந்ததா என்று எண்ணினார்களே ஒழிய, மனுதாரரின் குறை தீர்ந்ததா என்று எண்ணவில்லை. நிராகரிக்கப்பட்டவர் மறுபடி விண்ணப்பித்தால் அது புது மனு, புது எண். நீங்கள் இரண்டு முறை அலைந்தது திரையில் இரண்டு மனுக்கள் தீர்ந்ததாகத் தெரியும்.

அதிகாரம் இப்படி இடம் மாறுவதை அறிஞர்களும் கவனித்திருக்கிறார்கள். மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்கர் 1980இல் எழுதிய நூலில், அரசின் உண்மையான முகம் அமைச்சரவையில் இல்லை, போலீஸ்காரர், ஆசிரியர், நலத்துறை எழுத்தர் ஆகியோரிடம்தான் இருக்கிறது என்றார். அவர்களை வீதிநிலை அதிகாரிகள் என்றார், அதாவது மக்களை நேருக்கு நேர் சந்திப்பவர்கள். நமக்கு வி.ஏ.ஓ. மாதிரி. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்க் போவன்ஸ், ஸ்டாவ்ரோஸ் சூரிடிஸ் என்ற இருவர் 2002இல் அடுத்த படியைச் சொன்னார்கள். தங்கள் நாட்டில் மாணவர் உதவித்தொகையும் போக்குவரத்து அபராதமும் எப்படித் தீர்மானிக்கப்படுகின்றன என்று பார்த்தால், வீதியில் இருந்த எழுத்தரின் விருப்புரிமை – சட்டத்துக்குள் நின்று தன் அறிவுப்படி முடிவெடுக்கும் உரிமை – முதலில் திரைக்குப் போனது; பிறகு மென்பொருளை வடிவமைத்தவரிடமே போய்விட்டது. அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவரை நேரில் பார்க்கவும் வழியில்லை. அதே நாட்டில், குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று வரித்துறை தவறாக முத்திரை குத்திக் குடும்பங்களையே கடனில் தள்ளியது. 2021 ஜனவரியில் அரசு பதவி விலகும் அளவுக்கு அது போனது. யார் மோசடி செய்திருக்கக்கூடும் என்று ஆளைப் பொறுக்கியெடுத்ததில் கணினி நிரலுக்கும் பங்கு இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நிலம் மென்பொருளை உருவாக்கியது தேசிய தகவலியல் மையம். அதில் எந்தப் பெட்டிகள் இருக்க வேண்டும், எது கட்டாயம், எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வகுத்தவர்களின் கை உங்கள் மனு மீது இருக்கிறது. மேற்குப் புறநகரில் இது சின்ன விஷயம் இல்லை. பழைய பத்திரங்களில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருக்கும்; திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிரிந்தது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது. 2018இல் அம்பத்தூர் வட்டமே சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. நகர நில அளவை முடிந்த பகுதிகளில் பழைய சர்வே எண்ணுக்குப் பதில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று வேறு வரிசை. நிலம் ஓர் அங்குலம் நகரவில்லை. அதைக் கணினியில் எந்தப் பெட்டிக்குள் தேட வேண்டும் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. பெட்டி பொருந்தாவிட்டால் வரும் பதில்தான் ‘சிஸ்டம் எடுக்கலைங்க’. பழைய கர்ணம் மறுத்தால் அவரோடு வாதாடலாம், ஊர்ப் பெரியவரை அழைத்துப் போகலாம். பெட்டியோடு யார் வாதாடுவது?

பெட்டிகளின் மொழி தெரிந்தவருக்கு மதிப்பு கூடும் என்பது இதிலிருந்தே விளங்கும். இ-சேவை மையத்துக்காரர், பத்திர எழுத்தர், வீட்டு மனைத் தரகர் – இவர்கள் இன்றைய இடைத்தரகர்கள். நல்லவர்களே அதிகம், அவர்கள் இல்லாவிட்டால் பாதிப் பேர் மனுவே போட முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். உங்கள் மனுவில் யாருடைய செல்பேசி எண் இருக்கிறது? அவசரத்தில், அல்லது ‘ஓ.டி.பி. உடனே வேணும்மா’ என்ற சாக்கில், மையத்துக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. ஓ.டி.பி. என்பது ஒரே ஒருமுறை மட்டும் செல்லும் ரகசிய எண். அதன்பின் மனு எங்கே நிற்கிறது, ஏன் திரும்பியது என்ற செய்தி எல்லாம் அவருக்குத்தான் வரும். நீங்கள் அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ணத்தின் பெட்டி இப்படித்தான் இன்னொரு வடிவில் திரும்பி வருகிறது.

அலுவலகத்துக்குள்ளேயும் இது உண்டு. அதிகாரியின் கையெழுத்து இப்போது பென் டிரைவ் போன்ற ஒரு சிறு கருவியில் இருக்கிறது, ‘டோக்கன்’ என்பார்கள். கணினியில் செருகி, கடவுச்சொல் கொடுத்தால் ஆணையில் அவர் மின்னணுக் கையொப்பம் விழும். வேலைப் பளுவில் அதைக் கணினி இயக்குநரிடம் கொடுத்துவிடும் பழக்கம் நாட்டின் பல அலுவலகங்களில் உண்டு. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் அந்த மதியம் முழுக்க அதிகாரியாக இருக்கிறார். தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர்.

இவ்வளவும் மாறி, கடைசியில் லாபம் யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. அமெரிக்காவில் கென்னத் கிரேமர் முதலான நான்கு ஆய்வாளர்கள் 42 நகராட்சிகளில் கணினி என்ன செய்தது என்று ஆராய்ந்து 1982இல் எழுதினார்கள்: ஏற்கெனவே செல்வாக்கோடு இருந்தவர்களின் கையைத்தான் அது மேலும் பலப்படுத்தியது. பூமி திட்டத்தைப் பற்றி சாலமன் பெஞ்சமினும் அவருடைய சகாக்களும் 2007இல் எழுதிய ஆய்வும் அதே பக்கம் போகிறது. கிராமக் கணக்கரிடம் இருந்த அதிகாரம் வட்ட அலுவலகத்தில் குவிந்தது, கைமாறும் பணமும் அங்கே போயிற்று, பெங்களூரைச் சுற்றி நிலம் தேடிய பெரிய கைகளுக்கு யாருடைய நிலம் எங்கே என்று தெரிந்துகொள்வது எளிதானது என்றார்கள். பதிவேடு திறந்தால் எல்லாருக்கும்தான் திறக்கும். ஆனால் நூறு ஏக்கர் வளைக்க நினைப்பவருக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் உண்டு, ஒரு கிரவுண்டு வைத்திருப்பவருக்கு இல்லை. எனக்கு இந்த ஆய்வு சொல்லும் எல்லாவற்றோடும் உடன்பாடு இல்லை. 15 ரூபாய் நகல் ஏழைக்கும் ஒரு பிடி கொடுத்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அதை ஒதுக்கிவிடவும் முடியாது.

குடிமக்கள் பக்கம் அதிகாரம் வந்த இடமும் நம்மிடம் உண்டு: ரேஷன் கடை. முன்பு குடும்ப அட்டையில் கடைக்காரர் எழுதியதுதான் எழுத்து. 2017இல் ஸ்மார்ட் அட்டை வந்தது. பொருள் பதிவானதும் வாங்கிய பட்டியல் குடும்பத் தலைவியின் செல்பேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போகிறது. வாங்காத துவரம் பருப்பை வாங்கியதாகச் செய்தி வந்தால், செல்பேசியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய்ச் சண்டை போடுகிற பெண்களை ஆவடியிலும் அம்பத்தூரிலும் பார்க்கலாம். அந்தச் செய்தி அவர்கள் கையில் இருக்கும் சாட்சி. 2020 அக்டோபரில் கைரேகைப் பதிவு வந்தபோது காற்று திரும்பியும் அடித்தது: பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்த கிழவிக்கு இயந்திரம் ‘இல்லை’ என்றால், கடைக்காரரின் பொறுமையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஒரே கடை, ஒரே இயந்திரம். எந்தத் தகவல் யாரிடம் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இனி உங்கள் பட்டா. மூன்றாவது மனுவை அவசரப்பட்டுப் போட வேண்டாம். முதலில் உங்கள் தாய்ப் பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணை எடுத்து, இணையத்தில் அ-பதிவேட்டு விவரத்தைப் பாருங்கள். பட்டாவில் யார் பெயர் இருக்கிறது? உங்களுக்கு விற்றவர் பெயரா, மூன்று கைகளுக்கு முந்தைய விவசாயியின் பெயரா? விவசாயியின் பெயர் என்றால், அவரிலிருந்து உங்கள் வரை வந்த ஒவ்வொரு பத்திரமும், வில்லங்கச் சான்றும் மனுவோடு போக வேண்டும். வில்லங்கச் சான்று என்பது அந்தச் சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல். மனைப்பிரிவு வரைபடம் இருந்தால் அதையும் சேருங்கள். புலப்படத்தில் உங்கள் மனைக்குத் தனிக் கோடு இல்லையென்றால், ‘உட்பிரிவு உள்ள’ மனுவாகத்தான் போட வேண்டும். போன இரண்டு முறையும் மையத்தில் ‘உட்பிரிவு அற்ற’ மனு என்று குறித்திருந்தால், நிராகரிப்புக்கு வேறு காரணமே வேண்டாம்.

மனுவில் உங்கள் சொந்த செல்பேசி எண் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டில் உள்ள விண்ணப்ப எண்ணை வைத்து, மனு இப்போது எந்த அதிகாரியிடம் நிற்கிறது என்பதை நீங்களே இணையத்தில் பார்க்கலாம். ‘சிஸ்டம்’ என்று யாராவது சொன்னால், ‘சர்வேயர் பக்கத்தில் இத்தனாம் தேதியிலிருந்து இருப்பதாகக் காட்டுகிறதே’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். பேச்சின் தொனியே மாறும். முதல்வர் உதவி மையம் 1100க்குப் புகார் செய்யும்போதும் இந்த விவரம் கையில் இருக்கட்டும். யாராவது பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போவதுதான் சரி. 2018இல் திருத்தப்பட்ட சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் தெரிவித்தால்தான் பாதுகாப்பு.

முந்தைய இரு நிராகரிப்புகளையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு வட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். நிராகரிப்பு ஆணையின் நகல், சர்வேயரும் வி.ஏ.ஓ.வும் தந்த அறிக்கைகள், மனு ஒவ்வொரு மேசையிலும் இருந்த தேதிகள் – இவற்றைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கணினி நமக்குச் செய்த பெரிய உபகாரம் ஒன்று உண்டென்றால் அந்தத் தேதிகள்தான். யார் எப்போது திறந்தார், எப்போது அனுப்பினார் என்பதை அது மறப்பதில்லை. அறிக்கையில் இடத்தைப் பார்வையிட்டதாக எழுதியிருந்து, உங்கள் மனைக்கு யாருமே வரவில்லையென்றால், அதைச் சுட்டிக்காட்டிக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டம் வட்டாட்சியரின் ஆணைக்கு எதிராக அந்த வழியைத் தந்திருக்கிறது. மேல்முறையீட்டை எழுத்தில், நேரில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணை நாளில் பத்திரங்களின் அசலோடு நீங்களே போங்கள். மனை உங்கள் பெயரில் இருப்பதால் கேள்வியும் உங்களிடம்தான் கேட்பார்கள்.